மேசையின் இந்தப் பக்கம்

கோபம் ஆறாமலே நான் நேசிக்கும் அப்பாவுக்கு,

நீங்கள் நடத்தி, நீங்கள் இறந்ததோடு நின்றுபோன திருப்பாடுகளின் நாடகத்தை இந்தப் பெரிய வெள்ளிக்குத் திரும்பப் போடுகிறார்கள். மேடை அமைப்பு வழக்கம்போல் என் பொறுப்பு. நேற்று பலகை வாங்கச் சாய்ந்தமருதுக்குப் போனேன். "அப்பா இல்லாம நாடகமா டீச்சர்? இனி ஆரு உங்களோட சண்டை புடிக்கிற?" என்று கடைக்காரக் காக்கா, அந்த முஸ்லிம் அண்ணன், கேட்டார். சிரித்துவிட்டு வந்தேன்.

நம் கடைசிச் சண்டை ஞாபகம் இருக்கிறதா? இராப்போசன மேசையைச் சுற்றி நாலு பக்கமும் முக்காலி போட்டிருந்தேன்.

"என்ன புள்ள இது? அப்போஸ்தலர் சனத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டா இருக்கிற?"

"ஒரு பக்கமா வரிசையில இருந்து ஆருப்பா சாப்பிடுற? கல்யாண வீட்டுப் படத்துக்கா?"

"உன்னோட கதைச்சு வெல்லேலா."

விட்டுக்கொடுத்தீர்கள். அந்தத் துணிவில்தான் அதே வாரம் சொன்னேன்: செல்வி என் அறைத்தோழி மட்டும் இல்லை, நான் வாழ்நாளெல்லாம் சேர்ந்து வாழ விரும்பும் பெண். நீங்கள் தேநீரைக் குடித்து முடித்தீர்கள். "ஆருக்கிட்டயும் சொல்லிராத" என்றீர்கள். அவ்வளவுதான்.

பெரிய வியாழன் பூசையில் நற்கருணை கொடுக்க நீங்களும் குருவானவருக்குப் பக்கத்தில் நின்றீர்கள். வேண்டுமென்றே உங்கள் வரிசையில் வந்து கையை நீட்டினேன். எடுத்த அப்பத்தைத் திரும்பக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, என் நெற்றியில் சிலுவை போட்டீர்கள். முதல்நன்மை எடுக்காத, அப்பம் வாங்க வயது வராத சின்னப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

நான் பின்னால் நின்றவர்களுக்காக நகர்ந்து கொடுத்தேன். இன்றைக்கும் என்னை எரிப்பது அதுதான்.

அன்று இரவே நாடக மண்டபத்துக்கு வந்து, நான் அடித்த மேசையைக் கையால் அழுத்திப் பார்த்து, "நல்ல பலமா இருக்கு புள்ள" என்றீர்கள். எப்படியப்பா முடிந்தது? கிறிஸ்து சாப்பிடும் மேசையை அடிக்க இந்தக் கை ஆகும், அவரை வாங்க ஆகாதா? ஊருக்குப் பயந்தீர்களா, உண்மையாகவே அப்படி நம்பினீர்களா? அதன் பிறகு கேட்க மூன்று வருடம் இருந்தது. நாம் ஆணி, சாயம், திரைச்சீலை என்றே கதைத்துக் கழித்தோம். சண்டைகூடப் பிடிக்கவில்லை.

நான் விசுவாசத்தை விடவில்லை. விட்டிருந்தால் உங்களுக்கும் பங்குச் சனத்துக்கும் சுகமாக இருந்திருக்கும். மேடையை வரையும்போது ஒவ்வொரு காட்சியிலும் கிறிஸ்து எங்கே நிற்பார் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். செல்வியைக் கண்டு அவர் கையை இழுத்துக்கொள்ளும் காட்சியை மட்டும் எவ்வளவு முயன்றாலும் வரைய வரவில்லை.

புதுக் குருவானவரிடம் சொல்லிவிட்டேன். "மேசை அடிச்சுத் தாறன் ஃபாதர். பெரிய வியாழன் நானும் செல்வியும் ஒண்டா வருவம். நற்கருணைக்கும் வருவம்."

"பாப்பம் டீச்சர்" என்றார். உங்கள் குரல் மாதிரியே இருந்தது.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை, அப்பா. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இந்த முறை கை நீட்டினால், பின்னால் எத்தனை பேர் காத்து நின்றாலும், தரும்வரை நான் நகரமாட்டேன்.

செல்வியின் துணைவி,
உங்கள் மூத்த மகள்
மரியறோஸ்