சிவப்பு மக்கும் ஒரு முழம் மல்லியும்

கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் நீ ஆணி அடித்து மாட்டிய சிவப்பு மக் இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. கீழே வாளி, மேலே சோப்பு டப்பா. இன்று காலை டப்பாவில் புதுச் சோப்பு வைக்கும்போது அந்த ஆஸ்பத்திரி வாசனை மூக்கில் ஏறியது. கடைசி மாதங்களில் உன் கையில் எப்போதும் இருந்த வாசனை. உட்கார்ந்து இதை எழுத வைத்தது அதுதான். நாலு பேர் முன்னால் உன்னை வாங்க, போங்க என்றுதான் பேசியிருக்கிறேன். இதில் நீ என்றே வரட்டும். சண்டையில் அப்படித்தான் கூப்பிடுவேன், இப்போதும் எனக்குச் சண்டைதான்.

என் மார்பில் கட்டியை அறுத்தெடுத்த பிறகு கீமோ ஆரம்பித்தார்கள். ரத்தத்தில் வெள்ளை அணு குறையும், சின்னச் சளிகூட ஆளைச் சாய்த்துவிடும் என்று சென்னை டாக்டர் எச்சரித்தார். எந்த ஊர் என்று கேட்டார். ஒரகடம் பக்கம் கிராமம் என்றாய். நல்லதாகப் போயிற்று, கிராமத்துக் காற்றில் சீக்கிரம் தேறிவிடுவார்கள் என்றார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வரும்போது, முன்னால் போன டிப்பர் லாரி மண்ணை வாரி நம் முகத்தில் அடித்தது. "டாக்டர் சொன்ன காத்து இதான், நல்லா இழுத்து வுடு" என்றாய். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

நீ கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப் ஆள். உள்ளே போக பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, உடம்பு முழுக்க மூடும் கோட்டை மாட்டி, நாலு பக்கமும் காற்றடிக்கும் அறையில் நின்று தூசி போக்கிக்கொண்ட பிறகுதான் கதவு திறக்கும் என்பாய். "ஒரு தூசி போதும், மொத்த வண்டியும் ரிஜெக்ட்" என்பதுதான் உன் வேதம். மறுநாளே நம் வீட்டையும் பெயிண்ட் ஷாப்பாக்கினாய். யார் வந்தாலும் கை கழுவ வேண்டும், மாஸ்க் போட வேண்டும், வாசலோடு பேசிவிட்டுப் போக வேண்டும். இருமுகிறவர்கள் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான்.

நம் ஜனங்கள் அதை ஒப்புவார்களா? ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கன்னத்தைத் தடவி, இதே நோயில் செத்தவர்களின் கதையையும் சொல்லிவிட்டுப் போனால்தான் அவர்களுக்குப் பார்த்த திருப்தி. உன் அக்கா மணிமங்கலத்திலிருந்து கோவில் மல்லிப்பூவும் பழமுமாக வந்தார்கள். பூவும் பக்கத்தில் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீ பழத்தை வாங்கிக்கொண்டு பூவைத் திருப்பிக் கொடுத்து, சோப்பைக் காட்டினாய்.

"என் தம்பி வூட்டுக்குள்ள வர்றதுக்கு எனக்கே செக்கிங்கா?"

"பெயிண்ட் ஷாப்புல முதலாளிக்கே செக்கிங்தான்க்கா. மொதல்ல கைய கழுவு, அப்புறம் பேசு."

அக்கா கழுவவில்லை. பூவைக் கேட்டுக் கம்பியில் சொருகிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டார்கள். அதையும் நீ குச்சியால் எடுத்துத் தூர எறிந்தாய். மொட்டைத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஜன்னலில் நின்று அழுதேன். "ஒரு வெரக்கட முடி வளரட்டும். நானே வாங்கியாந்து வெச்சி வுடறேன்" என்றாய்.

அதுவரை நீ இருக்கவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் பைக்கில் வந்துகொண்டிருந்தாய். ஹெல்மெட் போட்டிருந்தாய், இடது ஓரமாகத்தான் வந்தாய், எல்லாமே ஒழுங்காகத்தான் செய்தாய். கன்டெய்னர் லாரி சிக்னல் போடாமல் திரும்பியது. என்னைத் தூசி அண்டாமல் காத்தாயே, உன்னை அந்த ரோட்டில் காக்க ஒரு நாதி இல்லை.

உன்னைக் கூடத்தில் கிடத்தினார்கள். நீ கேட்டோடு திருப்பி அனுப்பிய அத்தனை பேரும் அன்று உள்ளே வந்தார்கள். ஒருவரும் கை கழுவவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு முகத்தோடு முகம் வைத்து அழுதார்கள். புருஷன் முகத்தை நன்றாகப் பார்க்கட்டும் என்று யாரோ என் மாஸ்க்கை இழுத்துப் போட்டார்கள். "உனக்கு வந்த சாவு என் தம்பிய வாரிக்கினு போச்சே" என்று உன் அக்கா ஒப்பாரி வைத்தார்கள். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை. உன்னை எடுத்த மறுநாளே காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

கருமாதிக்கு அங்கிருந்து அழைத்து வந்தார்கள். கடைசியாக ஒருமுறை பூவும் பொட்டும் வைத்துவிட்டு எடுக்க வேண்டுமே. பொட்டு வைத்தார்கள், வளையல் போட்டார்கள், பூ வைக்கத்தான் தலையில் ஒரு மயிர் இல்லை. பெண்கள் கூடி நின்று யோசித்தார்கள். வேண்டாம், விட்டுவிடுவோம் என்று சொல்ல ஒருத்திக்கும் மனம் வரவில்லை. உன் அக்கா மல்லிச் சரத்தை நூலால் என் தலையைச் சுற்றிக் கட்டினார்கள். அது வழுக்கி வழுக்கிக் காதில் விழுந்தது. பிடித்துக்கொண்டே நின்று, பிறகு அவர்களே பிய்த்தும் எடுத்தார்கள். நீ இருந்திருந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாய் என்று நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அழுகிறேன் என்று எண்ணிக்கொண்டார்கள்.

மீதி கீமோ ஊசிகளுக்கும் ரேடியேஷன் கரன்ட் வைப்பதற்கும் தனியாகத்தான் போய் வந்தேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று போன வாரம் சொன்னார்கள். வீட்டிலிருந்து உடம்பைத் தேற்றுங்கள், கிராமத்துக் காற்று இருக்கிறதே என்று டாக்டர் மறுபடியும் அதையே சொன்னார். வரும் வழியில் லாரி மண்ணடித்தபோது சேர்ந்து சிரிக்க ஆளில்லை.

முடி வளர்ந்துவிட்டது. எனக்குப் பிறவியில் இல்லாத சுருட்டை. நேற்று ரயிலடியில் ஒரு முழம் மல்லி வாங்கினேன். காலையில் தலைக்குக் குளித்து, நீ வைத்துவிடுவதாகச் சொன்ன பூவை நானே ஹேர்பின் குத்தி வைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து உன் அக்கா வந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்றபோதே பார்வை என் தலைக்குப் போய்விட்டது.

"தலையில இன்னாடி இது?"

இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தார்கள். நான் மக்கில் தண்ணீர் மொண்டு, சோப்பையும் சேர்த்துக் கம்பி வழியாக நீட்டினேன்.

"மொதல்ல கைய கழுவுங்க அண்ணி. அப்புறம் பேசலாம்."

சொன்ன பிறகுதான் அது உன் பேச்சு என்று எனக்கே உறைத்தது. அவர்களுக்கும் உறைத்திருக்க வேண்டும். முந்தானையை இடுப்பில் சொருகினார்கள். பிறகு சோப்பை எடுத்தார்கள். விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி முடிக்கும்வரை நான் கேட்டைத் திறக்கவில்லை.