படிக்கட்டில் எழுதாமல் விட்ட நாட்கள்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா சுகம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் எந்நேரமும் நினைப்பு. என் சுகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான் போனில் பேசாமல் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். போன் என்றால் நீ பாதியில் குறுக்கே புகுந்து அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கடைசி வரை நிதானமாகப் படி.

நம் படிக்கட்டுக் கணக்கு எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்கும். நாலு மாடி, எழுபத்திரண்டு படி, லிப்ட் கிடையாது. கடைக்குப் போய்விட்டு நான் மெதுவாக ஏறி வருவதற்குப் பையின் கனம்தான் காரணம் என்று நானும், ஒவ்வொரு வாசலிலும் நின்று ஊர்க்கதை பேசுவதுதான் காரணம் என்று உன் அப்பாவும் மல்லுக்கு நின்றோம். ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க, அளந்து பாத்துடலாம் என்று நீதான் சொன்னாய். ஏறுகிற நேரத்தையும் பையின் எடையையும் தினமும் நோட்டில் எழுதச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் வந்து, அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் படமாகப் போட எனக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தாய். முதல் படத்தில் வினாடி என்று போட வேண்டிய இடத்தில் நிமிடம் என்று போட்டுவிட்டேன், நான் நாலு மாடி ஏற மூன்று மணி நேரம் ஆனதாகக் காட்டியது. அதுதான் சரி, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று உன் அப்பா ஒரு வாரம் என் உயிரை வாங்கினார். அப்புறம் புள்ளிகளுக்கு நடுவே கோடு போட்டுப் பார்த்து, பையில் ஒரு கிலோ கூடினால் நேரம் நாலு வினாடி கூடுகிறது என்று தெரிந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று கிலோ உருளைக்கிழங்கோடு எத்தனை வினாடியில் மேலே வருவேன் என்று முன்கூட்டியே எழுதி அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போவேன், இரண்டு மூன்று வினாடிக்கு மேல் தப்பாது. ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு பைத்தியம் பிடிக்கும் என்று யார் கண்டது.

போன ஞாயிறு நீ படத்தைப் பார்த்துவிட்டு, என்னம்மா நடுவுல இவ்வளவு ஓட்டை, எண்பத்தெட்டு நாளுக்கு அறுபத்தஞ்சு புள்ளிதானே இருக்கு என்று கேட்டாய். முழங்கால் வலி, கடைக்குப் போகவில்லை என்றேன். அது பொய். எல்லா நாளும் போனேன், எல்லா நாளும் ஏறினேன். அந்த இருபத்து மூன்று நாளும் மூன்றாவது மாடித் திருப்பத்தில் நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்து, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். நின்ற நாளை நோட்டில் எழுதவில்லை. முப்பது வருடம் நூல் மில்லில் அளவு பார்த்தவள் இல்லையா, அங்கே மெஷின் நிற்காமல் ஓடியபோது எடுத்த அளவைத்தான் எழுதுவோம், நடுவில் நின்றால் அந்த அளவு செல்லாது, அடித்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில்தான் முதல் இரண்டு நாளையும் விட்டேன், சத்தியமாகச் சொல்கிறேன். அதற்கப்புறம் விட்டது வேண்டுமென்றே. பிரசவத்துக்கு நான் அங்கே வருவதற்கு நீ விமான டிக்கெட் எடுத்துவிட்டாய், இதைச் சொன்னால் வராதே என்பாய், அந்தப் பயம். மில்லில் நின்றுபோன மெஷினுக்கென்று தனி நோட்டு ஒன்று உண்டு, காலையில் மேஸ்திரி வந்ததும் முதலில் அதைத்தான் புரட்டுவார். அது மட்டும் எனக்கு வசதியாக மறந்துபோயிற்று.

நீ போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே, விட்டுப்போன நாட்களை மட்டும் மாதவாரியாக எண்ணிப் படம் போட்டேன். முதல் மாதம் இரண்டு, அடுத்த மாதம் ஆறு, இந்த மாதம் இருபத்தெட்டு நாளில் பதினைந்து. படத்தில் மூன்றே மூன்று தூண்தான், ஆனால் ஒன்றைவிட ஒன்று இரண்டு மூன்று மடங்கு உயரம். ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்த உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டி, இது என்ன கணக்கு என்றும் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தூணாகப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, எனக்குத் தெரியும், நீ ஏறும்போது தையல் மெஷினை நிறுத்திட்டுக் காது குடுத்துக்கிட்டுதான் இருப்பேன், மூணாவது மாடியில செருப்புச் சத்தம் நின்னுடும், மறுபடி கேட்டாத்தான் எனக்குத் தைக்கவே வரும் என்றார். ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று சண்டைக்குப் போனேன். நீயே சொல்லுவேன்னு இருந்தேன் என்றார். ஊர்க்கதை ஊர்க்கதை என்று என்னைக் கேலி செய்துகொண்டே இந்த மனுஷன் உள்ளுக்குள் இப்படி வெந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மறுநாள் காலையில் கைவேலையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் உன் வயசுப் பெண்தான். நோட்டைப் புரட்டிப் பார்த்து, எழுதாத நாட்களைப் பற்றித்தான் அதிகம் கேட்டாள். ஸ்கேன் எடுத்ததில் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறதாம். பயப்படற மாதிரி இல்லம்மா, தள்ளிப்போடற மாதிரியும் இல்ல என்றாள். இன்னும் மூன்று வாரத்தில் ஆபரேஷன், அதற்கப்புறம் மூன்று மாதம் விமானப் பயணம் கூடாது. உனக்கோ இன்னும் ஆறு வாரம். நான் எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் ஒத்துவரவில்லை, கண்ணு. உனக்கு வலி எடுக்கும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். ஆபரேஷனை நினைத்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை.

நீ கிளம்பி வருகிறேன் என்று ஆரம்பிக்காதே, இந்த நிலைமையில் உன்னை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், ஏற்றினாலும் நான் வீட்டுக்குள் விடமாட்டேன். மாப்பிள்ளையின் அக்கா பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறாள், வீடு மாற்றும்போது உங்கள் இருவருக்கும் நடந்த வாக்குவாதத்தையே பிடித்துக்கொண்டு தொங்காமல் கௌரவம் பார்க்காமல் அவளைக் கூப்பிடு, பெற்று வளர்த்தவள், ஓடி வருவாள். அப்பா குட்டிக்கு எட்டுச் சட்டை தைத்துவிட்டார், பட்டன் உறுத்தும் என்று எல்லாவற்றுக்கும் நாடா வைத்திருக்கிறார், நாளைக்குப் பார்சலில் அனுப்புகிறோம். இன்னொன்று, எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேன்மா என்றுதான் சொல்கிறாய். நானும் உன்னிடம் இதையேதான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கால் வீங்குகிறதா, தூக்கம் வருகிறதா, யாருக்கும் தெரியாமல் அழுகிறாயா, எல்லாவற்றையும் எழுது. ஆபரேஷன் முடிந்து நான் எத்தனை படி ஏறினேன், எங்கே நின்றேன் என்பதை இனி ஒரு நாள் விடாமல் உனக்கு எழுதுகிறேன்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, நீயும் குட்டியும் நூறு வயசு நன்றாக இருங்கள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியைச் சொல். மறக்காமல் என் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. எப்படிச் செய்வது என்று நானே தேடிப் படித்து, கடைசிப் பக்கம் வரை போய்விட்டேன். ரத்து செய் என்கிற அந்தப் பொத்தானை அழுத்த மட்டும் எனக்குக் கை வரவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மாவும், பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் படித்துக்கொண்டிருக்கிற அப்பாவும்