ஷமீம் எழுதிவிட்டுப் போன ‘விண்டோ’

அன்புள்ள ஷமீம்,

இன்று காலை பல்கூடத் தேய்க்காமல், ‘விண்டோ’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று போனில் தேடிப் படித்தேன்.

நீ எழுதியது அப்படியே இருக்கிறது. நம் ஷூ கம்பெனியில் டீ குடிக்கும் இடத்துச் சுவரில் நீ ஆணியடித்த கறுப்புத் தோல். அதில், தோலில் தையல் கோடு போடுகிற வெள்ளிப் பேனாவால் உன் கையெழுத்து. மாலையில் ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதிவிட்டுப் போவாய். தையல் பெண்கள் வீட்டில் போய் யோசிப்பார்கள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அதன் பிறப்பைச் சொல்லிவிட்டுத் துணியால் துடைப்பாய். சொல்லாமல் துடைக்கக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். ‘விண்டோ’ எழுதிய அன்றே உனக்கு நெஞ்சு வலி வந்தது. மறுநாள் நீ இல்லை.

அன்று உன் வீட்டுக்கு வந்தபோது யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். அதற்குமேல் எனக்குள் எதுவும் நடக்கவில்லை. இன்றுவரை.

நேற்று ரேவதி தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். “இன்னாக்கா, ‘வின்’னா ஜெயிக்கிறதுதானே? ஜெயிச்சவன் வீட்டுல மட்டும்தான் ஜன்னல் வச்சாங்களா?”

“உன் மண்டைக்கு ஜன்னலே வைக்கலடி” என்றாள் பக்கத்து மெஷின் சாந்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு ரேவதி குரலைத் தாழ்த்தி, “ஷமீம் அக்கா சொல்லாமயே போய்ட்டாங்க. நீயாச்சும் சொல்லேன்க்கா” என்றாள். தெரியாது என்றேன். நேற்று அது உண்மை.

வடகடல் தாண்டி வந்து இங்கிலாந்தில் குடியேறியவர்கள் விட்டுச்சென்ற சொல்லாம். காற்றின் கண் என்று பொருள். பழந்தமிழில் ஜன்னலுக்குக் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. கல்லூரியில் படித்து மறந்தது. சுவரில் திறப்பு வைத்தபோது அவர்களும் நம்மைப்போலவே காற்றைத்தான் நினைத்திருக்கிறார்கள். இது உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் அந்தச் சொல்லை எடுத்தாயா?

சொன்னால் துடைக்க வேண்டும். துடைத்தால் உன் கையெழுத்து அங்கே இருக்காது. இத்தனை நாள் நான் தேடாமல் இருந்ததும் அதனால்தானோ என்னவோ.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நாளை சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்குச் சொல்லிவிட்டு நானே துடைக்கப்போகிறேன். மாலையில் வேறொரு சொல் எழுதுவேன். என் கையெழுத்து கோணல், சிரிக்காதே. உன் சட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தோஸ்த்,
மல்லிகா