ஜன்னல் வழியாகப் போட்ட பை

அண்ணி,

இன்று காலை கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி வந்து நிற்பதற்குள் கூட்டம் ஓடியது. நானும் ஓடினேன். அது ஓட்டமா நடையா என்று என் முட்டியைத்தான் கேட்க வேண்டும். ஜன்னல் வழியாகக் கைப்பையை ஒரு சீட்டில் போட்டுவிட்டு மெதுவாக ஏறினேன். யாரும் அதில் உட்காரவில்லை. நம் ஊரில் எழுதாத சட்டம் அது. ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து, பையைப் பக்கத்தில் வைத்தேன். கை பழக்கத்தில் வைத்துவிட்டது. நின்றுகொண்டிருந்த ஒரு பெண், "யாராச்சும் வராங்களாக்கா?" என்றாள்.

"வராங்க" என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. வீட்டில் தனியாக இருக்கும் அண்ணனைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

இடம் பிடிப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. கைக்குட்டை, குடை, எது கையில் இருந்தாலும் ஜன்னலுக்குள் போய்விடும். ஒருமுறை முருங்கைக்கீரைக் கட்டையே போட்டீர்கள். நான் தலையில் அடித்துக்கொண்டதற்கு, "கீரயா இருந்தா இன்னா, எடம் எடம்தான?" என்றீர்கள்.

2009 கோடை விடுமுறையில், சிங்கப்பூரில் வேலையாக இருந்த அண்ணன் நம்மை வரச் சொன்னார். நீங்கள், நான், என் ஆறு வயது நிலா. போன அன்று சாயங்காலமே அண்ணன் நம்மை உட்கார வைத்து வகுப்பு எடுத்தார். மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. இறங்குகிறவர்கள் இறங்கிய பிறகுதான் ஏற வேண்டும். நிலாவின் சட்டைப் பையில் அவர் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னார்: "யாராச்சும் தவறிட்டா அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி, எறங்குன எடத்துலயே நிக்கணும். நாங்க வந்து சேருவோம்."

"நான் இன்னா தேர்த் திருவிழாவுல தொலையற கொழந்தையா?" என்று சிரித்தீர்கள்.

மூன்றாம் நாள், அண்ணனோடு போன ரயில் நிலையத்தில் நல்ல கூட்டம். காலையிலிருந்து நடந்து என் முட்டி வீங்கியிருந்தது. ரயில் வந்ததுதான் தாமதம், "நீ மெதுவா வா, நான் எடம் புடிக்கிறேன்" என்று நிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிறவர்களை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தீர்கள். ஒரு சீட்டில் நிலா, பக்கத்துச் சீட்டில் உங்கள் பை. திரும்பி, வா வா என்று கையை ஆட்டினீர்கள். மணி அடித்தது. கதவு தானாக மூடிக்கொண்டது.

நம்ம வண்டியாக இருந்தால் கண்டக்டரைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டால் நின்றிருக்கும். அங்கே யாரைக் கூப்பிடுவது? கண்ணாடியைத் தட்டப் போன என்னை அண்ணன் பின்னால் இழுத்தார். ரயில் போய்விட்டது. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. கையில் போனும் இல்லை. புள்ள கிடைத்தால் திருவந்திபுரத்தில் மொட்டை போடுகிறேன் என்று அங்கேயே நின்று தேவநாதரிடம் வேண்டிக்கொண்டேன்.

அடுத்த ரயிலுக்கு மூன்று நிமிடம்தான். ஆனால் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அடுத்த நிலையத்தில் கதவு திறந்தபோது, எதிரிலேயே நின்றிருந்தீர்கள். உங்கள் முந்தானை நிலாவின் கவுன் நாடாவோடு இரண்டு முடிச்சாகக் கட்டியிருந்தது. "அம்மா, அத்தை என்னை அசையவே வுடல" என்றாள் நிலா.

கட்டிப்பிடித்திருக்க வேண்டும். நானோ, "எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த பஸ் ஸ்டாண்டு புத்தி போவாதா உங்களுக்கு? எம்புள்ள போயிருந்தா?" என்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன். நீங்கள் குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தீர்கள். அது இறுகிப் போயிருந்தது. அண்ணன்தான் அவிழ்த்தார்.

மீதி நாட்களில் எல்லா ரயிலிலும் கடைசியாக ஏறினீர்கள். இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றே வந்தீர்கள். அந்த இடம் என் முட்டிக்காகப் பிடித்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் சொல்லாததுதான் எனக்கு ஜாஸ்தி வலித்தது.

ஊருக்கு வந்ததும் வேண்டுதலுக்குக் கிளம்பினோம். இதே பஸ் ஸ்டாண்ட், திருவந்திபுரம் டவுன் பஸ், தள்ளுமுள்ளு. நீங்கள் நிலாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, "கூட்டம் போவட்டும், அடுத்த வண்டில போலாம்" என்றீர்கள். நீங்களா, அண்ணி! எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து ஒரு சீட்டும் பிடிக்காதவள், என் கைப்பையை ஜன்னலுக்குள் வீசினேன். ஜிப் போடவில்லை. சீப்பு, ஊக்கு, பொட்டு அட்டை எல்லாம் உள்ளே சிதறின.

ஒரு நொடி பார்த்தீர்கள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "எடம் புடிக்கச் சொன்னா பொட்டிக்கடையே போடறா பாரு இவ!"

"அண்ணி, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஏறு மொதல்ல. உக்காந்து பேசிக்கலாம்" என்று என்னைத் தள்ளி ஏற்றினீர்கள். உட்கார்ந்தோம். ஊர்க்கதை எல்லாம் பேசினோம், அதை மட்டும் பேசவில்லை. அதற்குப் பிறகு எத்தனை பஸ், எத்தனை வருஷம்! இப்போதாவது சொல்கிறேன். தப்பு என்னுடையதுதான், அண்ணி. என் பிள்ளையை முந்தானையில் முடிந்து காப்பாற்றியவரைப் பார்த்து அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

ஆலப்பாக்கம் வரும்வரை பையை எடுக்க மனசு வரவில்லை. அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டே வந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னேன்.

"வரேன்னவுங்க வரலியாக்கா?" என்றாள்.

"முன்ன போன வண்டியில ஏறிட்டாங்கம்மா" என்றேன். "எறங்குன எடத்துலயே நிப்பாங்க."