மேனேஜரின் பொம்மை இன்ஜின்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகளின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி என்று மறைக்காமல் எழுதுங்கள்.

எங்கள் சலவை ஆலை மேனேஜர் ஒரு குட்டி நீராவி இன்ஜின் வாங்கியிருக்கிறார். நேற்று மத்தியானம் அதை முதன்முதலாக ஓட்டிக் காட்ட, எங்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்தார். அந்த மேதாவி பாய்லரில் வாய்வரை தண்ணீரை ரொப்பி, அடியில் தீயைப் பற்றவைத்தார். இன்ஜின் ஓடவில்லை, வெந்நீரைத்தான் துப்பியது. சேஃப்டி வால்வு சீறியதும் மிரண்டுபோய் அதை இறுக்கப் போனார்.

"சார், கை வைக்காதீங்க, வெடிச்சிரும்! ஆவிக்கு இடமே விடலையே" என்றேன்.

"துணி தேய்க்கிறவளுக்கு இன்ஜினைப் பத்தி என்ன தெரியும்?"

தினமும் எட்டு மணி நேரம் ஆவியில் வேகிறவள் நான். ஏசி அறையில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். நானே தீயை அணைத்து, ஆறவிட்டு, பாதித் தண்ணீரைக் கொட்டி மறுபடி பற்றவைத்தேன். ஆவி கட்டியதும் சக்கரத்தை விரலால் சுண்டினேன். கிறுகிறுவென்று சுற்றியது! விரலில் லேசான சூடுதான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம். எல்லோரும் கைதட்டினார்கள், வெட்கமே இல்லாமல் அவர், தனக்குத்தான் என்பதுபோலத் தலைவணங்கி அதை வாங்கிக்கொண்டார்.

என்னை என் மிஷின் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக, "உன் பேர் என்ன?" என்றார்.

"ஏழாம் நம்பர்னே இருக்கட்டும் சார்" என்றேன்.

தலைவலித் தைலமும் இரண்டு பருத்திச் சட்டையும் அனுப்புங்கள். தம்பியைப் போனில் தட்டச் சொல்லாமல், நீங்களே கைப்பட எழுதுங்கள். உறையின் மேலே என் பெயரை முழுசாக எழுதுங்கள், அப்பா.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்