நாற்பத்து மூன்று ‘இருக்கலாம்’

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் சரியாகிவிட்டது என்று அவள் போனில் உன்னிடம் சொன்னதை மட்டும் அப்படியே நம்பாதே, நான் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடிக்கிறாள். நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, நலமாக இருக்க வேண்டும்.

ஒரு விஷயம், உன் பேராசிரியர் வழியாக உனக்குத் தெரியவருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அவருக்கு நான் ஒரு கடிதம் எழுதிவிட்டேன். உன் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு இரண்டே மாதம் இருக்கும்போது, அந்தத் தேர்வில் உன் எதிரே உட்காரப்போகிற மனிதருக்கே எழுதிவிட்டேன். கோபப்படாமல் மேலே படி.

நீ அனுப்பிய ஆராய்ச்சி இதழில் உன் கட்டுரையை வரிவரியாகப் படித்தேன். போன வருடம் அனுப்பிய முதல் பிரதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதில், பழைய குழாய்களில் இருந்துதான் குடிதண்ணீரில் ஈயம் கலக்கிறது என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதியிருந்தாய். படித்து நெஞ்சு நிமிர்ந்தது. அச்சில் வந்ததைப் பார்த்தால் குழாய்கள் ஒரு காரணமாக இருக்கலாம், அவ்வாறு தோன்றுகிறது, மேலும் ஆராய வேண்டியிருக்கலாம் என்று ஒரே வழவழா கொழகொழா. சிவப்புப் பென்சிலால் சுழித்து எண்ணினேன், நாற்பத்து மூன்று. அதே இதழில் வேறு நாட்டுக்காரர் ஒருவர் பக்கத்துக்குப் பக்கம் அடித்துச் சொல்லியிருக்கிறார், அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. என் பெண்ணுக்கு மட்டும் வாய்ப்பூட்டா? குழாய்க் கம்பெனிக்காரன் யாரோ உன் பேராசிரியரைக் கவனித்துவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். அம்மா, உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம், போலீஸ்ல சேர்ந்திருக்க வேண்டிய ஆளு என்றாள். மேல்வீட்டுக் கல்லூரி ஆசிரியர், அதெல்லாம் உங்க பொண்ணு படிக்கிற நாட்டு மரியாதை சார், இங்கே ‘இருக்கலாம்’னு எழுதினா வேலையே செய்யலன்னுவாங்க, அங்கே அடிச்சுச் சொன்னா யோசிக்கவே இல்லன்னுவாங்க என்றார். குடியிருப்போர் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவலாமா வேண்டாமா என்று கேட்டாலே மதில்மேல் பூனையாக நிற்பவர் அவர், அவர் சொல்லி நான் நம்புவதா. என் பெண்ணின் வாயை ஏன் கட்டினீர்கள் என்று கேட்டு அன்றே எழுதித் தபாலில் போட்டேன்.

நேற்று பதில் வந்தது, ஆறே வரி. என் அக்கறை அவருக்குப் புரிகிறதாம். உறுதியாகவே எழுதும்படி அவர்தான் உன்னிடம் சொன்னாராம், கேட்காமல் மாற்றியவள் நீயாம். ராத்திரி முழுதும் குழாயிலேயே நின்று ஈயம் ஏறியிருக்கும் என்பதால், காலையில் குழாயைத் திறந்ததும் வரும் முதல் தண்ணீரைப் பிடித்துவைக்கச் சொல்லி நாற்பது வீட்டுக்குப் பாட்டில் கொடுத்தாயாம். அதில் ஆறு வீட்டில் பல் தேய்த்து முகம் கழுவிய பிறகு பிடித்திருப்பார்களோ என்று உனக்கு ஒரு சந்தேகம், அதனால் முழுசாகச் சொல்ல மாட்டேன் என்றாயாம். மூக்குடைந்து உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கு என்மேல் கோபமா என்பது அந்த ஆறு வரியில் பிடிபடவில்லை. உன்மேல் அதைக் காட்டிவிடுவாரோ என்பதுதான் இப்போது என் கவலை. அப்பா செய்தது தப்பு, மன்னித்துவிடம்மா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உன் அம்மாவுக்கே தெரியாது. முப்பத்தொரு வருடம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். ஒருமுறை ஒரு பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீர் வந்தது. ஐஸ் பெட்டியில் வர வேண்டிய பாட்டில், இரண்டு நாள் வேனுக்குள்ளேயே வெயிலில் கிடந்து கொதித்துப்போய் வந்தது. அப்படிக் கிடந்தால் கிருமி செத்துவிடும், கெட்ட தண்ணீரும் நல்ல தண்ணீர் மாதிரியே காட்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் படிவத்தில் குடிக்கத் தகுந்தது, தகாதது என்று இரண்டே கட்டங்கள், தெரியவில்லை என்று எழுத இடமில்லை, திருப்பி அனுப்பினால் மேலதிகாரி கத்துவார். தகுந்தது என்று கையெழுத்துப் போட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன். ஒருநாளும் போய் விசாரித்ததில்லை. ஊரில் உள்ளவர்களை எல்லாம் சந்தேகப்பட்டேன், உன்னைப்போல என் பாட்டிலைச் சந்தேகப்படத் தெரியவில்லை.

உன் பேராசிரியருக்கு மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுதியிருக்கிறேன், இந்த முறை அம்மா படித்துப் பார்த்த பிறகுதான் உறையை ஒட்டினேன். தேர்வன்று ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ. உனக்கு எல்லாம் நல்லபடியாக அமையும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உன்னோடு இருக்கிறது. அந்த ஆறு வீட்டைப் பற்றி யார் எப்படிக் கேட்டாலும் தெரியாது என்றே சொல். நான் சொல்லியிருக்க வேண்டியது.

இப்படிக்கு,
உன் அப்பா