மோட்டார்களில் எழுதிய எண்

அப்பா,

"நீங்க சொன்னதை எழுத்துல கொடுங்க" என்று போன் கம்பெனியில் கேட்டே விட்டேன். பெரிய இடத்தில் அப்படியெல்லாம் கேட்கவே கூடாது என்பீர்களே, அதையேதான் கேட்டேன். பலித்துவிட்டது!

நீங்கள் வேலைக்குப் போனதும் மேலாளரே கூப்பிட்டார். "சிக்னல் சரியில்லைன்னா நம்பரை ரத்து பண்ணுங்க, மறுநாள் தானா வந்துடும்" என்று அவர்கள் ஆள் உங்களுக்குச் சொன்ன யோசனை அங்கேயே பதிவாகியிருக்கிறதாம். அதை நம்பி நீங்கள் ரத்து செய்த எண் திரும்பி வரவே இல்லையே! பதிவைக் கேட்டபின் மனுஷனுக்குக் குரலே இறங்கிவிட்டது. எண்ணை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையாம்! உங்கள் அடையாள அட்டையோடு பதினொரு மணிக்கு நான் போனால் போதும், திரும்பக் கொடுத்துவிடுவார்களாம். அட்டையை எடுத்துக்கொண்டேன்.

பழுது பார்த்த ஒவ்வொரு மோட்டார் மேலும் இருபது வருஷமாக நீங்கள் பெயிண்டால் எழுதிய எண் அது. வீடு வீடாகப் போய் அழித்து எழுதக் கிளம்பாதீர்கள். பிரஷ்ஷை ஒளித்துவிட்டேன்.

சோறு மூடி வைத்திருக்கிறேன். பின்கதவுச் சாவி மீட்டர் பெட்டி மேல்.

கம்பெனியைக் கேள்வி கேட்கப்போகிறேன் என்றதற்கு நேற்று "படிச்ச திமிரு" என்றீர்கள். ஆமாம், திமிர்தான். நம் வீட்டில் முதல் பட்டம்; நீங்கள் மோட்டாருக்குக் காயில் சுற்றிப் படிக்கவைத்தது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, ஆனால் கால் தரையில் நிற்கவில்லை அப்பா!

மாத்திரையை மறக்காதீர்கள்.

இன்னொன்று. "புது நம்பரே போதும்" என்று கையெழுத்துப் போட்டு, கம்பெனியில் கொடுக்கச் சொல்லி ஒரு தாள் தந்தீர்களே, அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். செருப்பு மாட்டியாச்சு. வருகிறேன்.